வைராக்கியம் யாரைப் பட்சிக்கிறது?

வைராக்கியம் என்ற சொல்லுக்கு ஜெபக்கூட்டத்தில் ஒரு பொருள், வீட்டில் வேறொரு பொருள். ஜெபத்தில் அதைத் தரும்படி கர்த்தரைக் கேட்கிறோம். உறவினர் ஒருவர் பல ஆண்டுகளாக முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாலோ, ‘அவருக்கு அத்தனை வைராக்கியம்’ என்று சலித்துக்கொள்கிறோம். வடமொழியில் இச்சொல்லுக்குப் பற்றின்மை என்பதே மூலப்பொருள். பற்றை விட்டவரைக் குறித்த சொல், தமிழ் வேதாகமத்தில் தேவன்மேல் கொண்ட தீராத பற்றைக் குறிக்க வந்து அமர்ந்திருப்பது விந்தைதான்.

இந்த இருமுகம் மூலமொழிகளிலும் உண்டு. எபிரெயத்தின் ‘கின்ஆ’, கிரேக்கத்தின் ‘ஸேலோஸ்’ ஆகிய இரண்டுமே பக்தியின் அனலையும் பொறாமையின் எரிச்சலையும் ஒருசேரக் குறிப்பவை. யாத்திராகமம் 20:5-இல் கர்த்தர் தம்மை ‘எரிச்சலுள்ள தேவன்’ என்று சொல்லும் சொல் ‘கின்ஆ’வின் வேரிலிருந்து வந்தது. தீத்து 2:14 நற்கிரியைகளைச் செய்யப் பக்திவைராக்கியமுள்ள ஜனங்களைப் பற்றிப் பேசுகிறது. 1 கொரிந்தியர் 13:4 ‘அன்புக்குப் பொறாமையில்லை’ என்கிறது. இரண்டிலும் கிரேக்க வேர் ஒன்றே. கலாத்தியர் 5:20-இலோ மாம்சத்தின் கிரியைகளின் பட்டியலில், பகைகளுக்கும் கோபங்களுக்கும் நடுவே, ‘வைராக்கியங்கள்’ என்றே அது நிற்கிறது.

பவுல் இதைப் பட்டறிந்தவர். பக்திவைராக்கியத்தின்படி சபையைத் துன்பப்படுத்தினவன் என்று தம்மைப் பற்றி பிலிப்பியர் 3:6-இல் எழுதியவர், தம் இனத்தாருக்குத் தேவனைப்பற்றிய வைராக்கியம் உண்டு, ஆயினும் அது அறிவுக்கேற்ற வைராக்கியமல்ல என்று ரோமர் 10:2-இல் சாட்சி சொல்லும்போது, அதில் சவுல் என்று அழைக்கப்பட்ட பழைய பவுலும் இருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. (தேவனுக்கான வைராக்கியத்தில் ஈட்டியோடு எழுந்து இருவரைக் குத்திக் கொன்ற ஆசாரியன் பினெகாசை எண்ணாகமம் 25-இல் வாசிக்கும்போது எனக்கு இன்றும் கலக்கம்தான், அதை எளிதாகக் கடந்துபோகிறவர்களைக் கண்டால் அதைவிடக் கலக்கம்.)

யோவான் 2-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசிக்க வேண்டும். வியாபாரம் நடக்கும் தேவாலயத்தில் இயேசு கயிற்றினால் ஒரு சவுக்கை உண்டாக்குகிறார், ஆடுமாடுகளைத் துரத்துகிறார், நாணயம் மாற்றும் காசுக்காரருடைய பலகைகளைக் கவிழ்க்கிறார். ஆனால் புறா விற்கிறவர்களிடம், ‘இவைகளை இவ்விடத்திலிருந்து எடுத்துக்கொண்டுபோங்கள்’ என்று மட்டும் சொல்கிறார். சிதறிய காசைப் பொறுக்கிக்கொள்ளலாம், ஓடிய மாட்டைப் பிடித்துவிடலாம். பறந்துபோன புறா திரும்பாது. அந்தக் கோபத்துக்கு இதுவும் தெரிந்திருந்தது. அப்போது சீஷர்கள் நினைவுகூர்ந்தது சங்கீதம் 69:9: ‘உம்முடைய வீட்டைக்குறித்து உண்டான பக்திவைராக்கியம் என்னைப் பட்சித்தது.’ பழமையான கிரேக்கக் கைப்பிரதிகளில் அந்த வினை எதிர்காலத்தில், ‘பட்சிக்கும்’ என்று இருக்கிறது. அடுத்த வசனங்களிலேயே இயேசு தம் சரீரமாகிய ஆலயம் இடிக்கப்படுவதைப் பற்றிப் பேசுகிறார். அந்த வைராக்கியம் பட்சித்தது காசுக்காரரை அன்று, அவரையே.

இளமையில் எனக்கிருந்த வைராக்கியம் அப்படிப்பட்டதன்று. அதிகாலை ஜெபத்தில் முழங்கால்படியிட்டபடியே, அன்று வராதவர்கள் யார் யார் என்று மனத்துக்குள் பெயர் பெயராக எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணி முடிப்பதற்குள் ஜெபமே முடிந்துவிடும். அதையும் அனல் என்றுதான் நம்பியிருந்தேன்.

அதனால் 1 இராஜாக்கள் 19 இப்போது வேறுவிதமாகப் படுகிறது. கர்த்தருக்காக வெகு பக்திவைராக்கியமாயிருந்தேன், நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன் என்று எலியா அங்கே இரண்டுமுறை, ஏறக்குறைய அதே சொற்களில், முறையிடுகிறார். இரண்டுக்கும் நடுவே காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோகின்றன. அவற்றில் கர்த்தர் இல்லை. பின்பு ஓர் அமர்ந்த மெல்லிய சத்தம் உண்டாகிறது. அதைக் கேட்ட பின்னும் தீர்க்கதரிசியின் முறையீடு மாறவில்லை. கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளாமல், வந்த வழியே திரும்பிப்போகச் சொல்லி, மூன்று பேரை அபிஷேகம்பண்ணும் வேலையைக் கொடுக்கிறார். கடைசியில், அவர் எண்ணத் தவறியவர்களின் கணக்கையும் சொல்கிறார்: பாகால் என்னும் அந்நிய தெய்வத்துக்கு முடங்காத முழங்கால்களுடையவர்கள் 7,000 பேர்.