கை ஓங்குவதற்கு முன்

இணையரிடையே நிகழும் வன்முறை என்றதும் நடுத்தர வயதுத் தம்பதியரே நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உறவில் இருந்த 15 முதல் 19 வயதுப் பெண்களிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதற்கு ஆளாகியிருக்கிறார்.

ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தும் இளம் இணையரிடம் அது கைபேசியில் தொடங்குவதைக் கண்டிருக்கிறேன்: முதலில் "யாரிடம் பேசினாய்?" என்ற கேள்வி, அடுத்து கடவுச்சொல், பிறகு வேலை கிடைக்காமல் திரும்பிய ஒரு மாலையில் ஓங்கிய கை. வறுமையின் மீது பழியைப் போட்டு முடித்துவிடுவதை நான் ஏற்பதில்லை. ஏழை ஆண்கள் எல்லோருமா அடிக்கிறார்கள்? சம்பாதிப்பவனே ஆண் என்ற எண்ணமும் சம்பாதிக்க வழியில்லாத நிலையும் ஒருவனுக்குள் மோதும்போது, வெளியே கிடைக்காத அதிகாரத்தை அவன் வீட்டுக்குள் தேடுகிறான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரக் குடிசைப் பகுதிகளில், 18 முதல் 30 வயதினருக்கு உறவு குறித்த கலந்துரையாடலையும் பிழைப்புக்கான பயிற்சியையும் சேர்த்து நடத்திய திட்டத்தின் முடிவில், தாங்கள் அடிப்பது குறைந்ததாக ஆண்கள் கூறினர். பெண்களின் வருவாயும் கூடியது. ஆனால் பெண்கள் சொன்ன கணக்கில் வன்முறை குறையவில்லை. இத்தகைய திட்டங்களை மதிப்பிடுவோர் முதலில் பெண்களிடமே, அதுவும் துணைவர் அருகில் இல்லாதபோது, கேட்க வேண்டும் என்பேன்.