அம்மப்பாவின் மிலிட்டரி மெடல்: பெயரை விட்டு இலக்கத்தைத் தேடுங்கோ

போரில் காட்டிய வீரத்துக்காகப் பிரித்தானியா அம்மப்பாவுக்குக் கொடுத்த பதக்கம்தான் மிலிட்டரி மெடல். 1978 சூறாவளிக்குத் தப்பின அதை 2004இல் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியது பதக்கத்தைக் குத்திக்கொண்டு நிற்கிற ஒரு போட்டோவும், படையிலிருந்து விலகும்போது கொடுத்த புத்தகமும்தான். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படைக்கு இத்தாலியில் லொறி ஓடினவர் அவர்.

ஆதாரம் ஏதும் எடுக்கலாமா என்று மட்டக்களப்பில் ஒரு கந்தோருக்குப் போனேன். பிறப்பு அத்தாட்சியில் ஒரு பெயர், புத்தகத்தில் இன்னொரு பெயர், இரண்டும் ஒரே ஆள்தான் என்று யார் சொல்வது என்று கேட்டார் அங்கே இருந்தவர். தகப்பன் பெயர் எது, சொந்தப் பெயர் எது என்று தெரியாத அந்தக் காலத்துப் படை எழுத்தர் காதில் விழுந்ததை எழுதி வைத்ததற்கு நான் என்ன செய்ய? சத்தியக்கடதாசி, சமாதான நீதவானின் முத்திரை, ஆங்கில மொழிபெயர்ப்பு என்று கேட்டதெல்லாம் சேர்த்துக் கொண்டு போனால், "இது எங்கட வேலை இல்லை, கொழும்புக்குப் போங்கோ" என்கிறார்! இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே ஐயா. இரவு ரயிலில் தூங்காமல் கொழும்புக்குப் போனால், அங்கே லண்டனுக்கு எழுதச் சொன்னார்கள்.

உண்மையில் பதக்கம் கொடுக்கச் சொல்லி அதிகாரிகள் எழுதின பரிந்துரையைப் பார்க்க இந்தக் கடதாசி ஒன்றுமே தேவையில்லை. அது லண்டனில் கியூவிலுள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 373 (WO 373) என்ற தொகுப்பில் இருக்கிறது, இணையத்திலேயே தேடலாம். பெயரை எப்படி மாற்றி மாற்றிப் போட்டாலும் வரவில்லை. புத்தகத்திலிருந்த படை இலக்கத்தைப் போட்டதும் வந்துவிட்டது. பெயரில் இரண்டு எழுத்து வேறு, அவ்வளவுதான். பிரித்தானிய அரச அறிவித்தல்கள் வரும் லண்டன் கசெட்டிலும் இலக்கம் இருக்கும், ஆனால் அங்கே பெயர்ப்பட்டியல் மட்டும்தான், என்ன செய்தார் என்ற கதை கிடைக்காது.

நான் தரவிறக்கினபோது சின்னக் கட்டணம் இருந்தது. என் வங்கி அட்டை வெளிநாட்டுக்கு வேலை செய்யவில்லை, லண்டனில் இருக்கிற மச்சான் கட்டினான். ஷெல்லடிக்குள் திரும்பிப் போய்க் காயப்பட்டவர்களை ஏற்றி வந்தார் என்று தட்டச்சில் ஒரு பந்தி, கீழே அதிகாரிகளின் கையெழுத்துகள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்களுக்கு ஒரு சொல் சொல்லேல்லையே இந்த மனுசன்" என்று ஏசினா.

உங்கள் வீட்டிலும் போட்டோ மட்டும்தான் என்றால் ஒன்றைக் கவனியுங்கோ. நட்சத்திர வடிவில் இருப்பவை போர்முனையில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தவை. அவற்றுக்கு முன்னால், நெஞ்சின் நடுப்பக்கமாக, வட்டமாகவோ சிலுவையாகவோ ஒன்று தொங்கினால்தான் வீரப்பதக்கமாக இருக்க வாய்ப்பு. மிலிட்டரி மெடல் 1916இல் தொடங்கி 1993இல் நிறுத்தப்பட்டது, அதிகாரிகளுக்கு அது இல்லை, அவர்களுக்கு மிலிட்டரி குரொஸ். மிலிட்டரி மெடலே கையில் இருந்தால் விளிம்பைப் பாருங்கோ, இலக்கமும் பெயரும் பொறித்திருக்கும்.

முழுச் சேவைப் பதிவும் வேண்டுமென்றால் அது வேறு விண்ணப்பம், மரண அத்தாட்சி கேட்பார்கள். நான் இன்னும் போடவில்லை. அந்தச் சத்தியக்கடதாசி அதற்காவது உதவுகிறதா பார்ப்போம்.