கதவு மூடும் தேதிகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் பிரதேச செயலகமொன்றில் தொழில் வழிகாட்டல் பணியில் இருக்கும் எனக்கு, சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளிடம் அடுத்தது என்ன என்று கேட்பதே அன்றாட வேலை. பதில்கள் பெரும்பாலும் நான்கைந்துக்குள் அடங்கிவிடும்: டொக்டர், எஞ்சினியர், ஆசிரியர், தாதி, இவையொன்றும் சரிவராவிட்டால் ஏதாவதொரு அரசாங்க வேலை. கனவு பெரிதா சிறிதா என்பதை நான் பார்ப்பதில்லை. அந்தக் கனவுக்குச் செல்லும் வழியில் முதல் கதவு எப்போது மூடும் என்பது பிள்ளைக்குத் தெரியுமா என்பதைத்தான் பார்க்கிறேன்; தெரிந்தவர்கள் குறைவு.

தாதியாக விரும்பும் மாணவிகளிடம் இது நன்றாகப் புலப்படும். அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞான அல்லது கணிதப் பிரிவில் சித்தி கோரப்படுவது வழக்கம். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் அந்தப் பிரிவுகளைக் கற்பிக்கும் 1ஏபி தரப் பாடசாலைகள் குறைவு. பக்கத்துப் பாடசாலை 1சி தரமானால் அங்கே கலையும் வர்த்தகமும்தான் உண்டு. பஸ் வரும் நேரத்தையும் வீட்டுச் செலவையும் எண்ணிக் கலைப்பிரிவில் சேரும் பதினாறு வயதுப் பிள்ளை, அந்த விண்ணப்பத்தில் கையெழுத்திடும்போதே தாதியர் பயிற்சியையும் கைவிட்டுவிடுகிறாள். ஆனால் அதை அவள் அறிவது, உயர்தரமும் முடிந்து, வர்த்தமானி அறிவித்தலின் பிரதியோடு எங்கள் அலுவலகப் படியேறும் நாளில்தான். அதனால் இப்போது பத்தாம் ஆண்டிலேயே பெற்றோரை அழைத்துப் பேசுகிறேன். நகரத்தில் சித்தியோ பெரியம்மாவோ இருக்கிறார்களா, அங்கே தங்கிப் படிக்கலாமா என்று கேட்கிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பிள்ளைகள் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. எனினும் ரியூசன் முடிந்து பெண்பிள்ளை இருட்டில் தனியே வருவாளா என்று தாய் கேட்கும்போது பாலத்தைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. அந்தக் கேள்வியையும் திட்டத்துக்குள் எடுத்தாக வேண்டும்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக் கணக்கு தொடங்கும். மாவட்டக் கோட்டா இருப்பதால் எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை எங்கள் பக்கத்தில் பலமானது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவையென வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் உள்ளன. சலுகை உண்மைதான். ஆனால் மூன்று பாடங்களிலும் சித்தியடைந்தும் இடம் கிடைக்காதோர் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். எனவே முந்தைய ஆண்டின் வெட்டுப்புள்ளிகளை மேசையில் விரித்து, விரும்பிய கற்கைநெறிக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்பதைப் பிள்ளையையே தேடி எடுக்கச் சொல்வேன். நான் சொல்லும் இலக்கத்தோடு வாதாடும் பிள்ளை, தானே விரல் வைத்துக் கண்ட இலக்கத்தோடு வாதாடுவதில்லை.

“திருப்பி எடுக்கப் போறன் சேர்” என்பவர்களை நான் தடுப்பதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு மூன்று முறை தோற்ற விதி இடமளிக்கிறது. போன முறை எந்தப் பாடம் காலை வாரியது, இந்த முறை அதில் எதை மாற்றப் போகிறாய் என்று மட்டும் கேட்பேன். விடை இல்லாமல் மூன்றாம் முறைக்குப் போக நிற்பவனோடு கொஞ்சம் சண்டை பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலோ கலைப்பட்டம் பெற்றால் போதும், அரசாங்கம் வேலை தரும் என்று பெற்றோர் சொல்வதுண்டு. 2017இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்ததை இவர்களே கண்டவர்கள். பின்னால் நியமனம் கிடைத்தவர்கள் நினைவில் நிற்கிறார்கள், அதற்கு முன் அவர்கள் காத்திருந்த ஆண்டுகள் நிற்பதில்லை. கலைப்பட்டம் வேண்டாமென்று நான் சொல்வதில்லை. பட்டத்தோடு ஆங்கிலமோ கணினியோ சிங்களமோ சேராவிட்டால் அரச நியமனம் ஒன்றையே பார்த்திருக்க நேரும் என்பதை முதலாம் ஆண்டிலேயே அறிந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் என்றதும் முகங்கள் வாடுவதுதான் இந்தப் பணியில் எனக்குப் பெரிய சலிப்பு. தோற்றவர்கள் போகுமிடம் என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. நான்காம் மட்டச் சான்றிதழிலிருந்து ஐந்தாம், ஆறாம் மட்ட டிப்ளோமாவுக்கும், அங்கிருந்து ஏழாம் மட்டமான பட்டத்துக்கும் ஏறலாம் என்பது பல ஆசிரியர்களுக்கே புதிய செய்தி. அம்பாறை ஹார்டி உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம் என்பதும் அப்படியே. இதை அறியாமல், தாயின் நகையை அடகு வைத்துப் பெரிய பெயருள்ள தனியார் டிப்ளோமாவில் சேர்பவர்கள், அந்த நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று ஒரு தரம்கூட விசாரிப்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது பரீட்சைக்கும் பெறுபேற்றுக்கும் இடைப்பட்ட மாதங்கள். அறுவடைக்கும் மீன்பிடிக்கும் போகும் பையன் கையில் காசு கண்டபின் வகுப்பறைக்குத் திரும்புவது கடினம். வீட்டுக்கு அந்தக் காசு தேவை என்பதால் அவனைக் குறைசொல்லவும் முடியாது. ஆகவே நாங்கள் எழுதும் திட்டத்தில் அந்த மாதங்களுக்கே முதலிடம். எந்தக் குறுங்காலப் பயிற்சி, எந்தப் பஸ், கட்டணம் எவ்வளவு, விண்ணப்ப முடிவுத் தேதி எது என்பதையெல்லாம் பிள்ளையின் கையாலேயே எழுதுவிக்கிறேன். முதல் விருப்பம் கைகூடாவிட்டால் என்ன செய்வது என்பதும் அதே தாளில் இருக்கும்.

அண்மையில், மேசன் வேலை செய்யும் தகப்பன் ஒருவர் மகனின் தாளை நெடுநேரம் வாசித்துவிட்டு, தன்னைப் போல் படிக்காமல் தொழில் பழகியவர்களுக்கும் இந்தச் சான்றிதழ் கிடைக்குமா என்று கேட்டார். அனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ. வழங்கும் முறை இருக்கிறது, முழுப் பாடநெறியைப் படிக்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். “அப்ப எனக்கும் ஒரு ஃபோர்ம் தாங்க சேர்” என்றார். அன்றைக்கே இருவரது விண்ணப்பங்களையும் நிரப்பினோம்.