டிஎன்ஏ இடுக்கி செய்த அனுபவம்

நாகர்கோவிலில் உயிரித் தொழில்நுட்பம் முதுகலை படித்தபோது, ஆய்வுத் திட்டத்துக்காக டிஎன்ஏ இடுக்கியைத் தேர்ந்தெடுத்தேன். பெர்னார்ட் யுர்க் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் நேச்சர் இதழில் விவரித்த, டிஎன்ஏ இழைகளாலேயே ஆன, இடுக்கிபோல மூடித் திறக்கும் மூலக்கூறு இயந்திரம் அது. அதில் மூன்றே இழைகள். 40 எழுத்துகள் (A, T, G, C என்னும் காரங்கள்) கொண்ட இழை, நடுவில் 4 எழுத்துகளைக் கீலாக விட்டுவிட்டு, இருபுறமும் 18 எழுத்துகளால் மற்ற இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அவற்றின் 24 எழுத்து வால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 56 எழுத்து எரிபொருள் இழை இரு வால்களோடும் ஒட்டினால் இடுக்கி மூடும். அப்போது ஒட்டாமல் மிஞ்சும் 8 எழுத்துகளில்தான் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. எரிபொருளோடு முழுவதும் இணைசேரக்கூடிய நீக்கும் இழை அந்த முனையில் தொற்றி, எழுத்து எழுத்தாக அதை உரித்தெடுத்துச் சென்றதும் இடுக்கி திறந்துவிடும்.

இழைகளை ஆர்டர் செய்பவர்கள் சுத்திகரிப்பில் சிக்கனம் பார்க்க வேண்டாம். இழையை எழுத்து எழுத்தாகக் கோத்துத்தான் தயாரிக்கிறார்கள்; ஒவ்வோர் எழுத்தும் 99 சதவீத வெற்றியோடு சேர்ந்தாலும், 56 எழுத்து இழைகளில் முழு நீளத்தை எட்டுபவை ஏறக்குறைய 57 சதவீதம்தான். வந்து சேரும் குழாய் வெறுமையாகவே தோன்றும். உலர்ந்த டிஎன்ஏ மூடியில் ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிய பிறகே திறக்க வேண்டும்.

இழைகளை 95 டிகிரி வரை சூடாக்கி மெல்ல ஆறவிட வேண்டும். அது ஐப்பசி மழைக்காலம்; மின்சாரம் அடிக்கடி போனதால் சூட்டைத் தானே ஏற்றி இறக்கும் பிசிஆர் இயந்திரத்தை நம்ப முடியவில்லை. “மக்களே, கரண்ட நம்பாண்டாம்” என்ற ஆய்வக உதவியாளர் அண்ணாச்சி, மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் கொதிநீர்ப் பீக்கரை வைத்து, குழாய்களை மிதக்கவிட்டு மூடினோம். இரவு முழுக்க அது சீராக ஆறியது. கரைசலில் 12.5 மில்லிமோலார் மெக்னீசியம் சேர்த்திருந்தோம். எதிர்மின்னூட்டம் கொண்ட இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் இணைவதற்கு அது தேவை.

எரிபொருளின் அளவில்தான் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. அது கூடிவிட்டால் இரு வால்களிலும் வெவ்வேறு எரிபொருள் இழைகள் ஒட்டிக்கொள்ளும். இடுக்கி மூடவே மூடாது.

இடுக்கி மூடித் திறப்பதை ஒளிர்வைக் கொண்டு அளக்கும் ஒளிர்வுமானி எங்களிடம் இல்லாததால், மூலக்கூறுகளை அளவும் வடிவமும் பார்த்துப் பட்டைகளாகப் பிரிக்கும் பாலிஅக்ரிலமைடு ஜெல்லை, சூடேறாமல் ஐஸ் பொதிகளுக்கு நடுவே ஓட்டினோம். எரிபொருள் சேர்த்த வரிசையில் பட்டை இடம் மாறியிருந்தது. நீக்கும் இழை சேர்த்த வரிசையில் அது பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. அதற்குக் கீழே 56 இணைகள் கொண்ட கழிவு ஈரிழை, தனிப் பட்டையாகத் தெரிந்தது. மேலே தெரிந்த மங்கலான பட்டை, ஓர் எரிபொருள் இழை இரண்டு இடுக்கிகளைச் சேர்த்துக் கட்டியதால் வந்தது. செறிவைக் குறைத்ததும் அதுவும் மங்கியது.