ஒரே பிச்சிப்பூ ஆர்டர் ஏழு தடவை போனது ஏன்?

தோவாளை பூச்சந்தையில் சித்தப்பாவுக்குக் கடை. கடைப் பையன்கள் போனிலேயே ஆர்டர் குறித்துக்கொள்ள ஒரு வலைப்பக்கம் செய்து கொடுத்திருந்தேன். 'விலை', 'ஆர்டர்' என்று இரண்டு டேப். நெட் இல்லாதபோது எழுதிய ஆர்டர் போனிலேயே கிடக்கும், நெட் திரும்பியதும் தானாக சர்வருக்குப் போகும்.

ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தின விடியற்காலை சித்தப்பா கூப்பிட்டார். "மக்களே, அஞ்சு கிலோ பிச்சி ஏழு தடவ வந்து கிடக்கு. முப்பத்தஞ்சு கிலோவும் எடுத்து வச்சாச்சு." பிச்சி மறுநாளைக்கு நிற்கிற பூ இல்லை. அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

நாகர்கோவிலில் வீட்டில் உட்கார்ந்து முதலில் சர்வரைத்தான் சந்தேகப்பட்டேன். சர்வரின் பதிவேடான லாகில் ஏழும் ஒரே நொடியில் வந்திருந்தன. அப்படியானால் போன்தான் ஏழு தடவை அனுப்பியிருக்கிறது. ஒரு நிகழ்வு நடந்ததும் ஓட வேண்டும் என்று பதிந்து வைக்கும் ஃபங்ஷன்தான் (நிரல் துண்டு) லிசனர். எதில் எத்தனை லிசனர் என்று காட்ட குரோம் கன்சோலில் 'கெட் ஈவென்ட் லிசனர்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. அதில் விண்டோவை, அதாவது பக்கம் முழுவதையும் தாங்கும் பொருளை, கொடுத்துப் பார்த்தேன்: நெட் திரும்பியதும் எழும் 'ஆன்லைன்' நிகழ்வுக்கு ஒரு லிசனர். விலை டேப்புக்குப் போய்த் திரும்பினேன், இரண்டு. இன்னொரு முறை, மூன்று.

ஒவ்வொரு டேப் மாற்றத்திலும் ஆர்டர் பெட்டி பக்கத்திலிருந்து போய், புதிதாக ஒன்று வருகிறது. பழைய பெட்டி கண்ணுக்குத்தான் போயிருந்தது. அதன் லிசனர் விண்டோவிலேயே தொங்கிக்கொண்டிருந்ததால், பெட்டியையும் அது நினைவகத்தில் பிடித்து வைத்திருந்தது. நெட் வந்ததும் எல்லாம் சேர்ந்து காத்திருந்த ஆர்டரை எடுத்து அனுப்பின. பெட்டிக்குள் இருக்கும் பட்டனில் போட்ட லிசனர் பெட்டியோடு போய்விடும். விண்டோ, டாக்குமென்ட், டைமர் போன்றவற்றில் போட்டதை நாம்தான் எடுக்க வேண்டும்.

லிசனரை எடுக்கும் வரியை நான் எழுதித்தான் இருந்தேன். ஆனால் சேர்க்கும்போது ஃபங்ஷனை 'பைண்ட்' செய்து, அதாவது பெட்டியோடு கட்டி, கொடுத்திருந்தேன், எடுக்கும்போதும் மறுபடி 'பைண்ட்' செய்தேன். ஒவ்வொரு பைண்டும் ஒரு புது ஃபங்ஷன். சேர்த்த அதே ஃபங்ஷனைக் கொடுத்தால்தான் 'ரிமூவ் ஈவென்ட் லிசனர்' எடுக்கும்; வேறொன்றைக் கொடுத்தால் பிழைகூடக் காட்டாமல் சும்மா இருந்துவிடும். இந்த மௌனம்தான் இரண்டு மணி நேரத்தைத் தின்றது.

ஒருமுறை பைண்ட் செய்ததைச் சேமித்து வைத்தாலே போதும். ஆனால் எனக்கு நான்கைந்து லிசனர்கள் இருந்ததால் எல்லாவற்றையும் மொத்தமாக நிறுத்த உதவும் 'அபார்ட் கன்ட்ரோலர்' பக்கம் போனேன். லிசனர் சேர்க்கும்போது கன்ட்ரோலரின் சிக்னலையும் கொடுத்துவிட்டால், பெட்டி நீங்கும்போது ஒரே ஒரு அபார்ட்டில் எல்லாம் கழன்றுவிடும். 2021-லேயே குரோம், பயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் இது வந்துவிட்டது. எனக்கு இதுதான் பிடித்த வழி.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம் சித்தப்பா ஆர்டர் பெட்டியை விலைப் பலகைக்கு மேலே நகர்த்த ஒரு பட்டன் கேட்டார். வைத்தேன். நகர்த்தியதும் நெட் வந்தாலும் ஆர்டர் போகவில்லை! ஆர்டர் பெட்டி ஒரு கஸ்டம் எலிமென்ட், அதாவது நாமே வகுத்த பக்க உறுப்பு. அப்படி ஒன்றை இடம் மாற்றினால் நீங்கியதற்கான ஃபங்ஷனும் ஓடும், சேர்ந்ததற்கானதும் மறுபடி ஓடும். நான் கன்ட்ரோலரை, பெட்டி உருவாகும்போது மட்டும் ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் ஒரே முறை உருவாக்கியிருந்தேன். அபார்ட் ஆன சிக்னலோடு லிசனர் சேர்த்தால் அது சேரவே சேராது. சேர்ந்ததற்கான ஃபங்ஷனான 'கனெக்டட் கால்பேக்' ஓடும்போதெல்லாம் புது கன்ட்ரோலர் உருவாக்கும்படி மாற்றினேன்.

இருபது தடவை டேப் மாற்றி, பெட்டியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன். ஆன்லைனுக்கு ஒரே லிசனர். ஏரோபிளேன் மோடில் ஐந்து கிலோ பிச்சி என்று எழுதி, நெட்டைத் திரும்பப் போட்டேன். சர்வர் லாகில் ஒரு வரிதான் வந்தது.