பானா வாங்கப் போன கதை

என் 1948 எம்ஜி டிசி காரின் எஞ்சினில் ஒரு போல்ட் துளையின் மரையை நானே கெடுத்துவிட்டேன். அந்த வெட்கம்தான் செப்டம்பர் மாதச் சனிக்கிழமை ஒன்றின் விடியற்காலையில் என்னை லண்டன் வாட்டர்லூ நிலையத்தில் கொண்டுபோய் நிறுத்தியது.

போக வேண்டிய ஊர் பியூலி. தென் இங்கிலாந்தில், நியூ ஃபாரஸ்ட் காட்டுக்குள் இருக்கிறது. பிரெஞ்சுப் பெயர் என்பதால் எழுத்துக்கூட்டிப் 'போலியூ' என்றேன். ப்ரோக்கன்ஹர்ஸ்ட் நிலையத்தில் ஏறிய டாக்சியின் ஓட்டுநர் சிரிக்காமல் திருத்தினார். வழியில் நடுரோட்டில் குட்டைக் குதிரைகள் நின்றன. காட்டுக் குதிரைகள் என்று நினைத்தேன். இல்லை, ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு, மேய்ச்சலுக்கு அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். ஹாரனுக்கு அசைவதில்லை, அவையாக மனம் வைத்தால்தான் வழி.

பியூலியில் தேசிய மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதை ஒட்டிய வயல்களில் 1967-லிருந்து நடந்துவரும் ஆட்டோஜம்பிள் சந்தைதான் எனக்கு வேண்டியது. பழைய ரேடியேட்டர், மேக்னெட்டோ, ஹெட்லைட் வளையம், எந்த வண்டியுடையது என்று விற்பவருக்கே தெரியாத பல்சக்கரம் எல்லாம் ஈரப் புல்லில் விரித்த தார்ப்பாயின் மேல் கிடந்தன. ஷூவெல்லாம் சேறு.

நான் தேடியது விட்வொர்த் பானா. ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலப் பொறியாளர் 1841-ல் வகுத்த மரை அளவு அது. அந்தப் பானாவில் பொறித்திருக்கும் எண் வாயின் அகலம் அல்ல, போல்ட் தண்டின் தடிமன். கால் அங்குலம் என்று போட்டிருக்கும், வாயை அளந்தால் 13.3 மில்லிமீட்டர் வரும். கையிலிருக்கும் 13-ஆம் நம்பர் ஸ்பேனர் நுழையாது. 14 நுழையும், ஆனால் போல்ட் தலையை மொட்டையடித்துவிடும்.

நாலாவது வரிசையில் ஒரு பெரியவர் மரப்பெட்டி நிறையப் பானாக்களை வைத்திருந்தார். பல 'கிங் டிக்' முத்திரை போட்டவை. இந்த விஷயத்தில் புதிதை விடப் பழையதே மேல் என்பது என் கட்சி. வாய் மெல்லிசாக இருப்பதால் இடுக்கில் நுழையும். கால் அங்குலத்தில் இரண்டை எடுத்துக்கொண்டு, நான் செய்த காரியத்தையும் சொன்னேன்.

"என்ன எஞ்சின்?"

"எக்ஸ்பிஏஜி."

அவர் பெட்டியை மூடிவிட்டு என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். சரி, இது பெரிய கதை என்று புரிந்தது.

முதல் உலகப் போரின்போது ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் கவென்ட்ரியில் ஆலை வைத்து இயந்திரத் துப்பாக்கி செய்தது. 1923-ல் அந்த ஆலையை எம்ஜிக்கும் முதலாளியான கார் தயாரிப்பாளர் மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த இயந்திரங்கள் மில்லிமீட்டர் கணக்கில் மரை வெட்டுபவை. அவற்றைத் தூக்கிப் போட மனம் வருமா? மரையை மில்லிமீட்டரிலேயே வெட்டினார்கள். ஆனால் உள்ளூர் மெக்கானிக்கிடம் இருப்பது விட்வொர்த் பானா, அதனால் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். அந்த வழக்கம் என் கார் எஞ்சின் வரை வந்துவிட்டது. உடல் பிரெஞ்சு, தலை இங்கிலீஷ்.

நான் தலையைப் பார்த்து ஏமாந்தேன். அந்தத் துளைக்கு வேண்டியது 8 மில்லிமீட்டர் தண்டு, 1 மில்லிமீட்டர் மரை இடைவெளி. நான் மாட்டியது 5/16 அங்குல பிஎஸ்எஃப், அதாவது நெருக்கமான ஆங்கில மரை போட்ட போல்ட். தடிமன் 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 22 மரை. அதன் தலைக்கும் அதே கால் அங்குலப் பானாதான். இரண்டு சுற்று சுகமாகப் போகும், அப்புறம் பிடிக்கும். துரு என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். கடையில் வாங்கும் சாதாரண 8 மில்லிமீட்டர் போல்ட்டும் உதவாது, அதன் இடைவெளி 1.25.

பெரியவர் ஒரு மரை கேஜை எடுத்தார். மெல்லிய ரம்பப் பற்கள் மாதிரித் தகடுகள், விசிறிபோல விரியும். நான் பையில் கொண்டுபோயிருந்த பழைய போல்ட்டின் மேல் ஒவ்வொன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். 22 உட்காரவில்லை. 1 மில்லிமீட்டர் தகடு இடைவெளியே தெரியாமல் உட்கார்ந்தது. அந்தக் கேஜையும் வாங்கினேன். பானா இரண்டையும் சேர்த்து விலை கேட்டதைவிட இது கூட. பேரம் பேச வாய் வரவில்லை.

கேட்டலாக் வேட்டை தனி. 1948-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆல் மாஸ் தொடங்கிய கடையின் கேட்டலாக் என்னிடம் ஏற்கெனவே உண்டு. பாகங்களைப் பிரித்துப் பறக்கவிட்ட மாதிரி வரைந்திருப்பார்கள், எந்த வாஷர் எதற்கு முன்னால் என்று அதில்தான் பார்ப்பேன். ஆனாலும் டிசிக்குத் தொழிற்சாலையே அச்சிட்ட உதிரிபாகப் பட்டியல் மேல் ஒரு ஆசை. மதியம் ஒரு காகிதக் கடையில் கிடைத்தது. அட்டை இல்லை, பாதிப் பக்கங்களில் கிரீஸ் விரல் ரேகை. யாரோ பென்சிலால் எஞ்சின் பக்க ஓரத்தில் இரண்டு முறை அடிக்கோடிட்டு 'மில்லிமீட்டர்!' என்று எழுதியிருந்தார். அவரும் ஒன்றைக் கெடுத்திருக்க வேண்டும்.

கிளம்பும்போது ஒரு செம்புச் சுத்தியலும் பைக்குள் ஏறியது. டிசியின் கம்பிச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு காது நட்டை அதால்தான் தட்ட வேண்டும், இரும்பால் தட்டினால் காது நசுங்கும். ரயிலில் பையை மேலே தூக்கி வைக்க முடியாமல் காலடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை, 8-க்கு 1 மில்லிமீட்டர் மரை வெட்டும் டேப்பை எண்ணெய் விட்டு மெதுவாக ஓட்டினேன். நல்ல வேளை, அடி மரை பிழைத்திருந்தது. பழைய போல்ட்டை விரலாலேயே சுற்றினேன், கடைசி வரை போனது. பானா வேலை செய்தது கால் சுற்றுதான்.