ஸ்லோ குக்கரில் தேன் கேரட்

இன்று ஸ்லோ குக்கரில் (மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) தேன் கேரட் செய்தேன். ஒரு கிலோ கேரட்டை விரல் பருமனுக்குச் சீராக நறுக்கி, 50 கிராம் வெண்ணெய், 4 மேசைக்கரண்டி தேன், உப்பு சேர்த்து மூடி, 'ஹை' (அதிக சூடு) நிலையில் 3 மணி நேரம் விட்டேன். தண்ணீர் வேண்டாம், கேரட்டே நீர் விடும். நடுவில் மூடியைத் திறக்கவே கூடாது, சூடு போய்விடும்.

அப்புறம் முக்கியமான விஷயம். மூடியே இருப்பதால் ஆவி வெளியேறாது, சாறு நீர்த்துத்தான் கிடக்கும். கேரட்டின் மேல் பாகு பூசியது போன்ற பளபளப்பு தானாக வராது. சாற்றை மட்டும் வாணலியில் வடித்து, பெரிய தீயில் கொதிக்கவிட்டேன். பாகு போல் கரண்டியில் ஒட்டியதும் கேரட்டைப் போட்டு ஒரு புரட்டு. கடைசியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. அது இல்லாவிட்டால் வெறும் தித்திப்புதான். சூடாகவே பரிமாறினேன். பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிட்டார்கள், மனம் நிறைந்துவிட்டது!